முடியாத போரின் நாடு: கொரியாவை நேசிக்கும் தமிழ் இளையோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளே,

கொரியத் தொடர்களை விடிய விடியப் பார்ப்பவர்கள், கொரியப் பாடல்களை வரி பிசகாமல் பாடுபவர்கள், அந்த எழுத்துகளை நோட்டுப் புத்தகத்தில் எழுதிப் பழகுபவர்கள் என உங்கள் எல்லோருக்குமான கடிதம் இது. உங்களைக் கேலி செய்யும் பெரியவர்களோடு நான் சேரவில்லை. என் தலைமுறைக்குக் கொரியா என்றால் காரும் தொலைக்காட்சிப் பெட்டியும் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வந்த தொழிற்சாலைகளும்தான். நீங்கள் அந்த நாட்டு மனிதர்களையே அறிந்திருக்கிறீர்கள். அவர்கள் எப்படிச் சாப்பிடுகிறார்கள், எதற்குக் கோபப்படுகிறார்கள், மூத்தவர் முன்னால் எப்படி நிற்கிறார்கள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிகிறது. ஒரு தேசத்தின் மேல் அன்பு வைத்தவர்கள் அதன் துயரத்தையும் கேட்பார்கள் என்ற நம்பிக்கையில்தான் எழுதுகிறேன்.

அந்தத் துயரத்தின் நிழலை நீங்கள் ஏற்கெனவே பார்த்திருக்கிறீர்கள். பிடிஎஸ் குழுவின் ஏழு பேரும் புகழின் உச்சியில் இருந்தபோது, ஒருவர் பின் ஒருவராகக் கட்டாய சேவைக்குப் போனார்கள். 'க்ராஷ் லேண்டிங் ஆன் யூ' தொடரில் பாராகிளைடரில் பறந்த பெண் ஒருத்தி காற்றில் அடித்துச் செல்லப்பட்டு வடகொரியாவில் விழுகிறாள். சில கிலோமீட்டர் தூரம், ஆனால் திரும்பி வர வழியில்லை. 'ஸ்க்விட் கேம்' தொடரின் சே-ப்யோக், வடக்கில் மாட்டிக்கொண்ட தாயை அழைத்துவரப் பணம் தேடி அந்தக் கொலை விளையாட்டுக்குள் நுழைகிறாள். இவை எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றே. 1950 ஜூன் 25 அன்று தொடங்கிய போர் 1953 ஜூலை 27 அன்று நிறுத்தப்பட்டது. நிறுத்தப்பட்டது, அவ்வளவுதான். சமாதான உடன்படிக்கை இன்றுவரை கையெழுத்தாகவில்லை.

ஏன் முடியவில்லை? கொரியர்கள் பிடிவாதக்காரர்கள் என்பதாலா? எனக்குத் தெரிந்த பதில் வேறு. தங்களுக்குள் நடந்த சண்டையில் வெற்றி பெற இரு தரப்பும் வெளிநாட்டு வல்லரசுகளின் பலத்தை நாடின. பலம் வந்தது. கூடவே, சண்டையை எப்போது, எப்படி முடிப்பது என்று தீர்மானிக்கும் உரிமை கையை விட்டுப் போனது. இந்த ஒரு விஷயத்தை நீங்கள் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே கதையை முதலிலிருந்து சொல்கிறேன்.

1910 முதல் 35 ஆண்டுகள் கொரியா ஜப்பானின் காலனியாக இருந்தது. 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடையும் நிலைக்கு வந்தபோது சோவியத் படை வடக்கிலிருந்து கொரியாவுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. முழு நாடும் அவர்கள் கைக்குப் போய்விடுமோ என்று வாஷிங்டனுக்குக் கவலை. ஆகஸ்ட் 10 நள்ளிரவில் டீன் ரஸ்க், சார்லஸ் போன்ஸ்டீல் என்ற இரு ராணுவ அதிகாரிகளைப் பக்கத்து அறைக்கு அனுப்பி, நாட்டைப் பிரிக்க ஒரு கோடு கண்டுபிடிக்கச் சொன்னார்கள். கொடுத்த நேரம் சுமார் அரை மணி. அவர்கள் 'நேஷனல் ஜியாக்ரஃபிக்' வெளியிட்ட ஒரு வரைபடத்தைப் பார்த்தார்கள். தலைநகர் சியோல் தங்கள் பக்கம் வரும்படி 38ஆம் அட்சரேகையைத் தேர்ந்தெடுத்தார்கள். சோவியத் தலைவர் ஸ்டாலின் மறுப்பின்றி ஒப்புக்கொண்டார். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஒரே அரசின் கீழ், ஒரே மொழி பேசி வாழ்ந்த நாடு. அந்த அறையில் ஒரு கொரியர்கூட இல்லை.

ஜப்பானியரின் ஆயுதங்களைப் பெற்றுக்கொள்வதற்கான தற்காலிக ஏற்பாடு என்றுதான் அதைச் சொன்னார்கள். மூன்றே ஆண்டுகளில் அது நாட்டு எல்லையாகிவிட்டது. ஒன்றுபட்ட கொரியாவுக்குத் தேர்தல் நடத்த ஐநா ஒரு தற்காலிக ஆணையம் அமைத்தது. அதன் தலைவராக இருந்தவர் இந்தியாவின் கே. பி. எஸ். மேனன். ஆணையம் வடக்கே நுழைய சோவியத் தரப்பு அனுமதிக்கவில்லை. 1948 மே மாதம் தெற்கில் மட்டும் தேர்தல் நடந்தது. ஆகஸ்டில் சிங்மன் ரீயைத் தலைவராகக் கொண்டு தெற்கில் ஒரு குடியரசு பிறந்தது. செப்டம்பரில் கிம் இல் சுங்கின் தலைமையில் வடக்கில் இன்னொன்று. இரண்டும் முழு கொரியாவுக்கும் தாமே அரசு என்றன.

எல்லாப் பழியையும் வெளியார் மேல் போட்டுவிட்டால் அது நேர்மையாகாது. கொரியர்களுக்குள் உண்மையான, ஆழமான பிளவு இருந்தது. நிலம் யாருக்கு, ஜப்பானியரோடு ஒத்துழைத்தவர்களை என்ன செய்வது, புதிய நாடு எந்த வழியில் போவது என்ற கேள்விகள் மக்களை இரு கூறாக்கின. 'வென் லைஃப் கிவ்ஸ் யூ டேஞ்சரின்ஸ்' தொடரில் நீங்கள் பார்த்து மயங்கிய ஜெஜு தீவை நினைத்துக்கொள்ளுங்கள். 1948 ஏப்ரலில் அங்கே ஒரு கிளர்ச்சி எழுந்தது. தனித் தேர்தலை எதிர்த்தவர்களை ஒடுக்குகிறோம் என்ற பெயரில் தெற்கின் போலீசும் ராணுவமும் வலதுசாரிக் குழுக்களும் கிராமம் கிராமமாக எரித்தன. தீவின் மக்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் கொல்லப்பட்டிருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். பல பத்தாண்டுகள் அதைப் பற்றிப் பேசுவதே ஆபத்தாக இருந்தது. 2024இல் நோபல் பரிசு பெற்ற ஹான் காங் அந்தப் படுகொலையின் நினைவை வைத்து ஒரு நாவல் எழுதியிருக்கிறார். 1949 முழுவதும் 38ஆம் ரேகையில் இரு பக்கமும் சுட்டுக்கொண்டார்கள். ரீயும் வடக்கே படையெடுக்க ஆசைப்பட்டார். அதனாலேயே அமெரிக்கா அவருக்குக் கனரக ஆயுதங்கள் தராமல் நிறுத்தி வைத்தது.

ஆக, சண்டைக்கான விறகு உள்ளேயே குவிந்திருந்தது. ஆனால் எப்போது பற்றவைப்பது என்பது மாஸ்கோவில் முடிவானது. படையெடுக்க அனுமதி கேட்ட கிம்முக்கு 1949இல் ஸ்டாலின் மறுப்புச் சொன்னார். 1950இல் மனம் மாறினார். சோவியத்திடம் அணுகுண்டு வந்திருந்தது. சீனாவில் மாவோ வென்றிருந்தார். அமெரிக்க வெளியுறவு அமைச்சர் டீன் அச்சசன் ஜனவரியில் ஆற்றிய உரையில், ஆசியாவில் அமெரிக்கா காக்கப்போகும் எல்லைக்குள் கொரியாவைச் சேர்க்கவில்லை. ஏப்ரலில் கிம் மாஸ்கோ போனார். ஸ்டாலின் சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு: மாவோவின் ஒப்புதலையும் பெற வேண்டும். மே மாதம் கிம் பெய்ஜிங் போனார். தன் நாட்டை ஒன்றாக்கப் போவதாகச் சொன்ன தலைவர் அதற்காக இரண்டு அந்நியத் தலைநகரங்களின் வாசலில் நிற்க வேண்டியிருந்தது.

ஜூன் 25, ஞாயிறு அதிகாலை, வடக்கின் டாங்கிகள் ரேகையைத் தாண்டின. மூன்றே நாளில் சியோல் விழுந்தது. ஓடிய தென்கொரிய ராணுவம் ஹான் ஆற்றுப் பாலத்தைத் தகர்த்தபோது அதன் மேல் அகதிகள் போய்க்கொண்டிருந்தார்கள். ஐநா பாதுகாப்பு சபையில் சீனாவின் இருக்கை பற்றிய சச்சரவில் சோவியத் பிரதிநிதி வெளிநடப்பில் இருந்ததால் ரத்து அதிகாரம் பயன்படாமல் போனது; தெற்குக்கு உதவும் தீர்மானங்கள் நிறைவேறின. அமெரிக்காவின் தலைமையில் 16 நாடுகள் படை அனுப்பின. படையெடுப்பை இந்தியாவும் கண்டித்தது. ஆனால் சிப்பாய்களை அனுப்பாமல் மருத்துவர்களை அனுப்பியது.

அந்த மருத்துவப் படை 60ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவு. தலைமை ஏற்றுச் சென்றவர் லெப்டினன்ட் கர்னல் ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ். 1950 டிசம்பரில் பியோங்யாங்கிலிருந்து ஐநா படை அவசரமாகப் பின்வாங்கியபோது இவர்களுக்கு வண்டி இல்லை. மருந்தையும் கருவிகளையும் எரித்துவிட்டுக் கிளம்பலாம் என்றார்கள். ரங்கராஜின் ஆட்கள் ஒரு பழைய நீராவி எஞ்சினைத் தேடிப் பிடித்து, தண்ணீர் நிரப்பி, தாங்களே ஓட்டி, பாலம் தகர்க்கப்படும் முன் நோயாளிகளோடும் கருவிகளோடும் ஆற்றைக் கடந்தார்கள். 1951 மார்ச்சில் முன்சான் அருகே அமெரிக்க வீரர்களோடு சேர்ந்து வானிலிருந்து குதித்தார்கள். 1954 வரை அங்கே இருந்து, ராணுவத்தினரும் பொதுமக்களுமாக இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குச் சிகிச்சை தந்தார்கள். இந்திய அரசு ரங்கராஜுக்கு மகாவீர் சக்ரம் வழங்கியது. உங்கள் கொரிய நண்பர்களிடம் பெருமையோடு சொல்லிக்கொள்ள இந்தப் பெயர் இருக்கிறது.

இப்போது இந்தக் கதையின் திருப்பத்துக்கு வருகிறேன். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

1950 ஆகஸ்டில் தெற்கின் கையில் பூசான் நகரைச் சுற்றிய ஒரு மூலை மட்டுமே மிஞ்சியிருந்தது. செப்டம்பர் 15 அன்று ஐநா படைகளின் அமெரிக்கத் தளபதி ஜெனரல் மெக்ஆர்தர் இஞ்சியோன் துறைமுகத்தில் படையை இறக்கினார். வடக்கின் ராணுவம் உடைந்து ஓடியது. மாத முடிவில் சியோல் மீண்டது. ஐநா எதற்காகப் படை அனுப்பியதோ அது நிறைவேறிவிட்டது. போர் அங்கேயே, மூன்று மாதத்தில், பழைய கோட்டிலேயே நின்றிருக்கலாம். மெக்ஆர்தரும் ரீயும் வாஷிங்டனும் வேறு முடிவெடுத்தார்கள். வடக்கேயும் பிடித்து முழு கொரியாவையும் ஒன்றாக்கிவிடலாம் என்று நினைத்தார்கள்.

அக்டோபர் 2 நள்ளிரவு கடந்த நேரம். பெய்ஜிங்கில் இந்தியத் தூதர் கே. எம். பணிக்கரைப் படுக்கையிலிருந்து எழுப்பி, பிரதமர் சூ என்லாயிடம் அழைத்துப் போனார்கள். சூ சொன்னது தெளிவாக இருந்தது. தென்கொரியப் படை மட்டும் ரேகையைத் தாண்டினால் சீனா தலையிடாது. அமெரிக்கப் படை தாண்டினால் தலையிடும். டெல்லி அதை லண்டனுக்கும் வாஷிங்டனுக்கும் உடனே தெரிவித்தது. பணிக்கர் சீனக் கம்யூனிஸ்டுகளுக்கு வேண்டியவர், இது வெறும் மிரட்டல் என்று வாஷிங்டன் ஒதுக்கியது. அமெரிக்கப் படை ரேகையைத் தாண்டியது. அக்டோபர் 19 அன்று பியோங்யாங் அவர்கள் வசமானது. அதே நாளில் பெங் தெஹுவாயின் தலைமையில் சீனப் படை சத்தமில்லாமல் யாலு ஆற்றைக் கடந்து கொரியாவுக்குள் நுழைந்தது.

அதற்குப் பிறகு நடந்தவை எல்லாம் அந்த ஓர் எச்சரிக்கையை மதிக்காததன் விலை. கடும் பனியில் ஐநா படை பின்வாங்கியது. டிசம்பரில் ஹுங்நாம் துறைமுகத்திலிருந்து படைகளோடு ஏறக்குறைய ஒரு லட்சம் பொதுமக்கள் கப்பல் ஏறினார்கள். 'மெரிடித் விக்டரி' என்ற ஒரே சரக்குக் கப்பலில் மட்டும் சுமார் 14,000 பேர். பின்னாளில் தென்கொரிய அதிபரான மூன் ஜே-இன்னின் பெற்றோர் அந்த அகதிகளில் இருந்தார்கள். சில வாரங்களில் திரும்பிவிடலாம் என்று கிளம்பியவர்கள் சாகும்வரை சொந்த ஊரைப் பார்க்கவில்லை. 1951 ஜனவரியில் சியோல் மறுபடி விழுந்தது. மார்ச்சில் மறுபடி மீண்டது. ஒன்பது மாதத்தில் ஒரு தலைநகரம் நான்கு முறை கை மாறியது. ஒவ்வொரு முறையும் வந்தவர்கள், முந்தையவர்களுக்கு உதவியவர்கள் என்று சொல்லி மக்களைக் கொன்றார்கள். தெஜான் நகரில் 1950 ஜூலையில் தெற்கின் ஆட்கள் அரசியல் கைதிகளைக் குழிகளில் சுட்டுத் தள்ளினார்கள். செப்டம்பரில் வடக்கின் ஆட்கள் தங்கள் கைதிகளைக் கொன்றார்கள். வானிலிருந்து அமெரிக்கா 6,35,000 டன் குண்டுகளைக் கொரியாவின் மேல் போட்டது. இரண்டாம் உலகப் போரில் பசிபிக் களம் முழுவதிலும் போட்டதைவிட இது அதிகம். வடக்கின் நகரங்களில் நின்ற கட்டடங்களை எண்ணிவிடலாம் என்ற நிலை.

சீனாவும் தன் பங்குக்கு அதே தவறைச் செய்தது. சியோலைப் பிடித்த உற்சாகத்தில், 1951 ஜனவரியில் ஐநா முன்வைத்த போர்நிறுத்த யோசனையைத் தள்ளிவிட்டது. வெற்றி கையில் இருக்கும்போது எந்த வல்லரசுக்கும் நிறுத்த மனம் வருவதில்லை. முட்டுக்கட்டை விழுந்த பிறகே பேச வருகிறார்கள். அதற்குள் செத்தவர்கள் செத்தவர்கள்தான். மாவோவின் மூத்த மகன் அந்த மண்ணில் குண்டுவீச்சில் இறந்தார். ஐநா படையின் தரைத் தளபதிகளில் ஒருவரான வான் ஃப்ளீட்டின் மகன் விமானத்தோடு காணாமல் போனார். வல்லரசுகளின் தலைமையும் விலை கொடுக்காமல் இல்லை. ஆனால் அவர்கள் இழந்தது பிள்ளைகளை. கொரியர்கள் பிள்ளைகளோடு நாட்டையும் இழந்தார்கள்.

இன்னொன்றைக் கவனியுங்கள். 1950 ஜூலையிலேயே ரீ தன் ராணுவத்தின் கட்டுப்பாட்டை மெக்ஆர்தரிடம் கடிதம் எழுதி ஒப்படைத்துவிட்டார். டிசம்பரில் வடக்கின் போர்முனைக் கட்டுப்பாடு, சீனர்களோடு அமைத்த கூட்டுத் தலைமையகம் மூலம் பெங் தெஹுவாயிடம் போனது. ஆறே மாதம்! கொரியாவை யார் ஆள்வது என்று சண்டையிட்ட இருவருமே தங்கள் படைகளை ஆளும் உரிமையை இழந்துவிட்டார்கள். பங்காளிச் சண்டைக்கு ஊராரை அழைத்து வந்தால் வரப்பு போடுவதும் ஊராரே என்பார்கள் நம் பெரியவர்கள். கொரியாவில் நடந்தது அதுதான்.

1951 ஜூலை 10 அன்று பேச்சுவார்த்தை தொடங்கியது. போர் முனை அதற்குப் பிறகு பெரிதாக நகரவில்லை. இருந்தும் சண்டை மேலும் இரண்டு ஆண்டுகள் நீடித்தது. குன்றுகளுக்காக, ஒரு மேட்டின் உச்சிக்காக ஆயிரக்கணக்கில் இறந்தார்கள். எதற்காக இழுத்தார்கள்? முக்கியமான காரணம், போர்க்கைதிகள். எல்லோரையும் அவரவர் நாட்டுக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்றது சீன, வடகொரியத் தரப்பு. போக விரும்பாதவர்களை அனுப்ப மாட்டோம் என்றது அமெரிக்கா. கைதியின் விருப்பத்தை மதிப்பது நல்ல கொள்கைதான். ஆனால் தெற்கே கோஜே தீவில் இருந்த கைதி முகாம்களில் அந்த விருப்பத்தைக் கேட்ட விதம் நல்லதாக இல்லை. திரும்ப விரும்பியவர்களைக் கம்யூனிச எதிர்ப்புக் குழுக்கள் அடித்தன, உடம்பில் பச்சை குத்தின. மறுபக்கக் கூடாரங்களில் கம்யூனிஸ்டுகள் தங்களுக்கு எதிரானவர்களைக் கொன்றார்கள். எத்தனை கைதிகள் யார் பக்கம் வருகிறார்கள் என்பதே இரு வல்லரசுகளுக்கும் வெற்றிக் கணக்காகிவிட்டது. ஸ்டாலினுக்கோ அமெரிக்கா கொரியாவில் சிக்கிக் கிடப்பதில் லாபம் இருந்தது.

இந்த முடிச்சை அவிழ்க்க முயன்றவர் இந்தியாவின் வி. கே. கிருஷ்ண மேனன். நடுநிலை நாடுகளின் ஆணையம் ஒன்று கைதிகளைப் பொறுப்பேற்று விருப்பத்தைக் கேட்கட்டும் என்ற அவருடைய தீர்மானத்தை 1952 டிசம்பரில் ஐநா பொதுச்சபை ஏற்றது. மாஸ்கோவும் பெய்ஜிங்கும் மறுத்தன. 1953 மார்ச் 5 அன்று ஸ்டாலின் இறந்தார். சில வாரங்களில் அதே யோசனையின் வழியில் பேச்சு நகர்ந்தது. கொரியச் சிப்பாய்களின் உயிர், மாஸ்கோவில் ஒரு முதியவரின் மூச்சு நிற்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

போர் நின்றதும் அந்த ஆணையத்தின் தலைவராக இந்தியாவின் ஜெனரல் திம்மையா போனார். ஏறக்குறைய 6,000 இந்திய வீரர்கள் காவலுக்குப் போனார்கள். ரீக்கு இந்தியா மேல் கடும் வெறுப்பு. இந்தியச் சிப்பாயின் கால் தென்கொரிய மண்ணில் படக் கூடாது என்றார். எனவே இஞ்சியோனில் கப்பலிலிருந்து இறங்கியவர்களை ஹெலிகாப்டர்களில் ஏற்றி, இரு தரப்புக்கும் நடுவே இருந்த ராணுவமற்ற வட்டாரத்தில் கொண்டுபோய் இறக்கினார்கள். அங்கே கூடாரம் போட்டு அதற்கு 'ஹிந்த் நகர்' என்று பெயர் வைத்தார்கள். ஊர் திரும்ப மறுத்த 22,000க்கும் மேற்பட்ட கைதிகளை, இரு தரப்பும் தங்களைத் திட்டியபோதும், துப்பாக்கியைவிடப் பொறுமையை நம்பிக் காத்தார்கள்.

அந்தக் கைதிகளில் 88 பேர் வடக்கும் வேண்டாம், தெற்கும் வேண்டாம், சீனாவும் வேண்டாம், தைவானும் வேண்டாம் என்றார்கள். 76 கொரியர்கள், 12 சீனர்கள். நடுநிலை நாடு எதற்காவது போகிறோம் என்ற அவர்களை இந்திய வீரர்கள் தங்களோடு கப்பலில் அழைத்து வந்தார்கள். 1954 பிப்ரவரியில் அவர்கள் இறங்கிய துறைமுகம் நம் சென்னை. அங்கிருந்து டெல்லி போனார்கள். பிறகு பலர் பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் கிளம்பினார்கள். சிலர் இந்தியாவிலேயே வாழ்ந்தார்கள். கொரிய எழுத்தாளர் சோய் இன்-ஹுன் 1960இல் எழுதிய 'சதுக்கம்' நாவலின் நாயகன் அப்படி நடுநிலை நாட்டைத் தேர்ந்தெடுத்த ஒரு கைதி. இந்தியாவை நோக்கி வரும் அந்தக் கப்பலுக்கு ஆசிரியர் வைத்த பெயர் 'தாகூர்'. அவன் கரை சேர்வதில்லை. நடுவில் நிற்க விரும்பிய கொரியனுக்கு அந்தப் போர் நிற்க இடமே வைக்கவில்லை என்பதை இதைவிட அழுத்தமாகச் சொன்ன நாவல் எனக்குத் தெரியாது. மெரினாவில் நின்று துறைமுகம் பக்கம் பார்க்கும்போது அந்த 88 பேரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கையெழுத்துக்கு வருவோம். 1953 ஜூலை 27 அன்று எல்லைக் கிராமமான பன்முன்ஜோமில் உருவான போர்நிறுத்த ஒப்பந்தத்தில் ஐநா தளபதியாக ஓர் அமெரிக்க ஜெனரலின் கையெழுத்து இருக்கிறது. கிம்மின் கையெழுத்தும் பெங் தெஹுவாயின் கையெழுத்தும் இருக்கின்றன. தென்கொரியாவின் கையெழுத்து இல்லை. ரீ கையெழுத்திட மறுத்தார்; ஒப்பந்தத்தைக் கெடுக்கவென்றே ஜூனில் சுமார் 27,000 கைதிகளை முகாம்களிலிருந்து தப்பவிட்டார். ஆனாலும் அவருடைய நாட்டில், அவருடைய நாட்டைப் பற்றி, அவர் இல்லாமலே போர் நின்றது. நின்ற இடம் எது தெரியுமா? ஏறக்குறைய தொடங்கிய இடமே. பழைய ரேகைக்குத் தெற்கே இருந்த கேசோங் வடக்குக்குப் போனது. வடக்கே இருந்த சொக்சோ தெற்குக்கு வந்தது. இதற்காக மூன்று கோடி மக்கள் கொண்ட நாட்டில் இருபதிலிருந்து முப்பது லட்சம் பேர் மாண்டார்கள் என்பதே பெரும்பாலான மதிப்பீடு. அவர்களில் பாதிக்கும் மேல் பொதுமக்கள்.

1954இல் ஜெனீவா மாநாடு கூடிக் கலைந்தது, சமாதானம் வரவில்லை. குடும்பங்கள் பிரிந்தது பிரிந்ததுதான். 1983இல் தென்கொரியாவின் கேபிஎஸ் தொலைக்காட்சி, காணாமல் போன உறவினரைத் தேடும் ஒரு நிகழ்ச்சியைச் சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கென்று தொடங்கியது. கூட்டம் குவிந்தது, 138 நாட்கள் நிகழ்ச்சியை நிறுத்த முடியவில்லை. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் ஒன்று சேர்ந்தன. இது தெற்குக்குள்ளேயே தொலைந்தவர்களின் கணக்கு. வடக்கில் உள்ள உறவைப் பார்க்க விண்ணப்பித்த தென்கொரியர் 1,30,000க்கும் மேல். அவர்களில் பெரும்பாலோர் பார்க்காமலே இறந்துவிட்டார்கள். கடைசிச் சந்திப்பு 2018 ஆகஸ்டில் நடந்தது. அந்த ஆண்டு ஏப்ரலில் இரு கொரியத் தலைவர்களும் பன்முன்ஜோமில் கைகோத்துப் போரை முறைப்படி முடிப்போம் என்றார்கள். அதற்கு வாஷிங்டனின் சம்மதமும் வேண்டியிருந்தது. வரவில்லை. இன்றும் போர் மூண்டால் தென்கொரியப் படைகளின் கட்டுப்பாடு ஓர் அமெரிக்கத் தளபதியின் தலைமையில் உள்ள கூட்டுப் படையிடம்தான் போகும். வடக்கோ 2024இல் ஒன்றிணையும் கனவையே கைவிட்டுத் தெற்கைப் பகை நாடு என்று அறிவித்தது. அதே ஆண்டில் தன் சிப்பாய்களை ரஷ்யாவுக்காகச் சண்டையிட அனுப்பியது.

உங்களில் ஒருவர் கேட்கக்கூடும்: "அமெரிக்கா வராமல் இருந்திருந்தால் தெற்கும் வடக்கைப் போல ஆகியிருக்குமே? அப்போது இந்தப் பாடல் ஏது, தொடர் ஏது?" நியாயமான கேள்வி. பூசானில் உள்ள ஐநா நினைவு இடுகாட்டில் தென்கொரியர்கள் இன்றும் பூ வைக்கிறார்கள். அந்த நன்றி உண்மையானது, அதை நான் குறைத்துப் பேசவில்லை. தாக்கப்பட்டவருக்கு உதவ வருவது ஒன்று. வந்தவர் தன் சொந்தக் கணக்குக்காகச் சண்டையை நீட்டுவது வேறொன்று. 1950 ஜூனுக்கும் அக்டோபருக்கும் நடுவில் அந்தக் கோடு இருக்கிறது. தெற்கின் சுதந்திரத்துக்கும் நாம் ரசிக்கும் கலைக்கும் இன்னொரு வரலாறும் உண்டு. போரின் பெயரைச் சொல்லியே அங்கே பல பத்தாண்டுகள் ராணுவ ஆட்சி நடந்தது. அதை வீதியில் இறங்கி ஒழித்தவர்கள் 1980இல் க்வாங்ஜூவிலும் 1987இல் நாடெங்கும் நின்ற கொரிய மாணவர்களும் தொழிலாளர்களும். 2024 டிசம்பரில் ஓர் அதிபர், வடக்குக்கு வேண்டியவர்களை ஒடுக்கப் போவதாகச் சொல்லி ராணுவச் சட்டம் போட்டபோது, இரவோடு இரவாக நாடாளுமன்ற வாசலில் திரண்டு அதைத் தோற்கடித்ததும் அவர்களே. ஜனநாயகத்தை அவர்களுக்கு யாரும் கப்பலில் கொண்டுவந்து கொடுக்கவில்லை.

தம்பி தங்கைகளே, இவ்வளவும் சொன்னது கொரியாவுக்காக மட்டும் இல்லை. 2015 முதல் ஏமனின் சண்டையில் ஒரு பக்கம் சவூதி அரேபியா குண்டு வீசியது, மறுபக்கத்துக்கு ஈரான் ஆயுதம் கொடுத்தது. சிரியாவில் ரஷ்யா, அமெரிக்கா, துருக்கி, ஈரான் என்று எல்லோரும் இறங்கினார்கள். 2023 ஏப்ரலில் சூடானில் இரு தளபதிகள் தொடங்கிய சண்டை வெளியிலிருந்து வரும் ஆயுதத்தில் எரிந்துகொண்டிருக்கிறது. இப்படி ஒவ்வொரு முறையும் நம் கைபேசிகளில் ரசிகர் கூட்டம் திரள்கிறது. ஒரு வல்லரசை நாயகன், இன்னொன்றை வில்லன் என்கிறது. நீங்கள் அந்தக் கூட்டத்தில் சேராதீர்கள். இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். நாளை சண்டையை நிறுத்த வேண்டுமென்று அந்த நாட்டு மக்கள் விரும்பினால், நிறுத்தும் அதிகாரம் அவர்களிடம் இருக்குமா? உதவ வந்தவர் எந்த இடத்தில் நிற்பதாக முன்கூட்டியே சொல்லியிருக்கிறார்? இந்த இரண்டுக்கும் பதில் இல்லாத உதவியை, அது எந்தக் கொடியின் கீழ் வந்தாலும், கைதட்டி வரவேற்காதீர்கள்.

கொரியாவை நேசிப்பவர்கள் அதற்குச் செய்யக்கூடிய ஒன்றும் உண்டு. உங்களுக்குக் கொரிய நண்பர்கள் இருந்தால், அவர்கள் பாட்டி தாத்தா எந்த ஊர்க்காரர்கள் என்று கேளுங்கள். பலருடைய கதை வடக்கில் ஏதோ ஓர் ஊரில் தொடங்கும். பொறுமையாகக் கேளுங்கள், எழுதி வையுங்கள், தமிழில் மற்றவர்களுக்கும் சொல்லுங்கள். அந்தப் போரை நேரில் கண்டவர்கள் வேகமாகக் குறைந்து வருகிறார்கள். போரை முறைப்படி முடிக்கும் உடன்படிக்கை வேண்டும் என்று கொரியர்கள் குரல் எழுப்பும்போது, அவர்களுடைய பாட்டைப் பகிர்கிற அதே ஆர்வத்தோடு அந்தக் குரலையும் பகிருங்கள். உலகம் முழுக்க உங்களைப் போன்ற ரசிகர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். எந்த வல்லரசும் கூப்பிடாமல், எந்த ஆயுதமும் எடுக்காமல் அந்த நாட்டின் பக்கம் நிற்கும் வெளியார் நீங்கள்தான். அந்த நிலையை நீங்கள் சரியாகப் பயன்படுத்துவீர்கள் என்று உறுதியாக நம்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் மூத்த தலைமுறையிலிருந்து ஒருவர்